ஆச்சியைக் கேளுங்க: ஒரே நாள்ல வீட்டை மாத்த வேணாம்

இந்தத் தடவை வந்த கடிதாசில பாதிக்கு மேல ஒரே விஷயந்தான், வீட்டை, சாப்பாட்டை, குப்பையைக் கொஞ்சம் நல்லபடியா மாத்தணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு. அதனால சமையல் கேள்வியை எல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இதையே எழுதுறேன்.

கேள்வி: வணக்கம் ஆச்சி. எங்களுக்குக் கோட்டையூர். போன மாசம் ஒரு வேகத்துல அடுப்படியில இருந்த பிளாஸ்டிக் டப்பா, நான்ஸ்டிக் தவா, பசங்க வாட்டர் பாட்டில் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரர்ட்ட போட்டுட்டேன். சீனி, மைதா, பிஸ்கட் எதுவும் இனிமே வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னும் சொல்லிட்டேன். நாலு நாள்கூட நிக்கல. மாமியார் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாக, பசங்க பக்கத்து வீட்ல போய் பிஸ்கட் திங்கிதுக, வீட்டுக்காரர் மறுபடி டப்பா செட்டு வாங்கிட்டு வந்துட்டாக. அழுகையா வருது. நான் செஞ்சது தப்பா?

பதில்: நெனச்சது தப்பில்ல ஆத்தா, வேகந்தான் கூடிப்போச்சு. எங்க வீட்லயும் இது நடந்திருக்கு. எங்க மாமனாருக்கு சுகர்னு டாக்டர் சொன்ன மறுநாளே நான் அரிசியை மூடி வச்சுட்டு மூணு வேளையும் வரகு, சாமைன்னு ஆக்கிப் போட்டேன், அவுக ஒரு வார்த்தை சொல்லல, ஆனா பத்தாவது நாள் பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்ல உக்காந்து பரோட்டா சாப்பிட்டதைப் பாத்தவுக வந்து சொன்னாக, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. அப்புறம் வாரத்துல ஒரு நாள் ராத்திரிக்கு மட்டும் வரகரிசி உப்புமா, அதுவும் அவுகளுக்குப் பிடிச்ச கோசமல்லி தொட்டுக்க வச்சு. மூணு மாசம் கழிச்சு அவுகளே இன்னைக்கு வரகு இல்லையாம்மான்னு கேட்டாக. ஒன்றரை வருஷம் ஆச்சு அது வாரத்துல நாலு நாளா மாற.

அதனால ஒரு மாசத்துக்கு ஒரே ஒரு விஷயம், அது எல்லாருக்கும் பழகின பெறகு அடுத்தது. முதல் மாசம் பை மட்டும் போதும். பை எல்லார் வீட்லயும் இருக்கு, கடைக்குப் போறப்ப ஞாபகம் வராததுதான் பிரச்சனை. வண்டிச் சாவி மாட்டுற ஆணியிலேயே மஞ்சப்பையை மாட்டுங்க, சாவி எடுக்குற கை பையையும் எடுத்துரும். ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்கு மூடி போட்ட தூக்குவாளி. கேரி பேக்கை எல்லாம் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லயே தடை பண்ணியாச்சு, 2021 டிசம்பர்ல மஞ்சப்பைக்குன்னு தனியா இயக்கமே அரசாங்கம் ஆரம்பிச்சுச்சு, இருந்தும் கடையில நீட்டினா நம்ம கை வாங்கிக்கிதுல்ல, அந்தக் கையில ஏற்கனவே ஒரு பை இருக்கணும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்த டப்பாவைத் தூக்கிப் போடாதீக. நல்லா இருக்குற சாமானைக் கழிச்சா அதுவும் குப்பைதான். பருப்பு, வத்தல், கடுகு மாதிரி காஞ்ச சாமானை அதுல வச்சுக்கலாம், சூடான குழம்பு, எண்ணெய், ஊறுகாய் மட்டும் வேணாம். ஒன்னு விரிசல் விட்டா அந்த இடத்துக்கு எவர்சில்வர் வரட்டும். அதையும் கடையில வாங்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டு சாமான் அறையைத் திறந்து பாருங்க, நம்ம ஊர்ல சீரா வந்த தூக்கு, சம்படம், டப்பா எல்லாம் பேப்பர் சுத்தினது சுத்தினபடி கெடக்கும். அதை எடுக்குறப்ப மாமியாரையும் கூப்பிட்டுக்கங்க. எது யார் கல்யாணத்துக்கு வந்ததுன்னு அவுகளுக்குத்தான் தெரியும், அந்தப் பேச்சுலயே பாதி கோவம் போயிரும்.

கேள்வி: ஆச்சி, தேவகோட்டை பக்கத்துல கிராமம். எங்க அப்பத்தா வெந்நீர் அடுப்பு பத்த வைக்கப் பால் கவர், சிப்ஸ் பாக்கெட், கிழிஞ்ச செருப்புன்னு எது கெடச்சாலும் போடுறாக. சொன்னா, காலங்காலமா இப்படித்தான்னு சொல்றாக. இதெல்லாம் பெரிய விஷயமா?

பதில்: பெரிய விஷயந்தான் கண்ணு. ஒரு மாசத்துக்கு ஒரு மாத்தம்னு மேல சொன்னேன்ல, உங்க வீட்ல எல்லாத்துக்கும் முன்னாடி இதைத்தான் மாத்தணும், மத்ததெல்லாம் பெறகு பாத்துக்கலாம். பிளாஸ்டிக்கு எரியிற புகையில விஷம் இருக்கு, அதுலயும் பிவிசின்னு சொல்ற வகை, பழைய பைப்பு, ஒயர் தோலு, சில செருப்பு எல்லாம் அதுதான், அது எரிஞ்சா டையாக்சின் வரும், கேன்சரோட சம்பந்தப்பட்டது. அந்தப் புகைக்கு நேரா குனிஞ்சு ஊதுறது யாரு, உங்க அப்பத்தா. பக்கத்துல பல் வெளக்கிட்டு நிக்கிறது யாரு, வீட்டுப் புள்ளைக. மிச்ச சாம்பலைப் பாத்திரம் வெளக்கவும், செடிக்குப் போடவும் எடுப்பாக, அதுவும் வீணாப்போகுது.

காலங்காலமான்னு சொல்றாகல்ல, அவுக சின்ன வயசுல என்ன வச்சுப் பத்த வச்சாகன்னு அவுகளையே கேளுங்க. பன்னாடை, காஞ்ச பாளை, கொட்டாங்கச்சி, பனை ஓலைன்னு அவுக வாயாலயே வரும். பால் கவர் நம்ம வீட்டுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு! ஒரு சாக்குல பன்னாடையும் கொட்டாங்கச்சியும் நெறப்பி அடுப்புக்குக் கை எட்டுற தூரத்துல வச்சிருங்க. கவர் போட்டா சட்டுனு பிடிக்கிதேன்னுதான் அவுக போடுறது, கொட்டாங்கச்சியும் அதே மாதிரி பிடிக்கும். பால் கவரைக் கழுவிக் காயவச்சு சேத்து வச்சா பழைய சாமான்காரர் காசு குடுத்து எடுப்பாக, அந்தக் காசை அப்பத்தா சுருக்குப் பையிலேயே போட்டுருங்க.

கேள்வி: பாட்டி காலத்துப் பித்தளைப் பானை, ஈயச்சொம்பு எல்லாம் இருக்கு. நான்ஸ்டிக்கை விட்டுட்டு அதுலயே சமைக்கலாமா ஆச்சி? - கண்டனூர் வாசகி

பதில்: சமைக்கலாம், ஆனா எடுத்த உடனே வேணாம். பித்தளைக்கு உள்ள ஈயம் பூசியிருக்கணும். புளியும் தக்காளியும் மோரும் வெறும் பித்தளையில பட்டா செம்பு சாப்பாட்டுல எறங்கும், குமட்டல், வாந்தி வரும். உள்ள வெள்ளி மாதிரி இல்லாம மஞ்சளா தெரிஞ்சா பூச்சு போயிருச்சுன்னு அர்த்தம். ஈயம் பூசுறவர் வந்தா கிட்ட நின்னு பாருங்க, பானையைக் கரி அடுப்புல புரட்டிப் புரட்டிக் காயவச்சு, நவச்சாரப் பொடியைத் தூவுனதும் வெள்ளையா ஒரு புகை கெளம்பும், உடனே ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து பஞ்சால சுத்தித் தேய்ப்பாக, கண் மூடித் தொறக்குறதுக்குள்ள உள்பக்கம் நிலா மாதிரி வெளுத்துரும். அவர்ட்ட ஒன்னு மட்டும் கேட்டு வாங்குங்க, அது சுத்தமான வெள்ளீயமா இருக்கணும், காரீயம் கலந்திருக்கக் கூடாது, காரீயம் புள்ளைக மூளையைப் பாதிக்கும். சொம்புக்கும் இதே விதிதான், என்ன கலந்திருக்குன்னு உறுதியாத் தெரியாத சொம்பு அலமாரியில இருக்கட்டும். நல்ல வெள்ளீயச் சொம்பா இருந்தாலும் ரசத்தை ஊத்திட்டுத்தான் அடுப்புல ஏத்தணும், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிரும், வெறுஞ்சொம்பைக் காயவச்சா ஓட்டை விழுந்துரும்.

தினப்படிக்கு நான் இரும்பு தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையுந்தான் சொல்லுவேன். ஒரு வாரம் ஒட்டும், அந்த ஒரு வாரம் பொறுத்துக்கங்க. கழுவுன கையோட துடைச்சு நல்லெண்ணெய் தடவி வச்சா அப்புறம் மொறுமொறுன்னு எடுக்கும்.

கேள்வி: பள்ளத்தூர்ல இருந்து எழுதுறேன் ஆச்சி. ரெண்டு பசங்க, 8 வயசு, 11 வயசு. பாக்கெட் சிப்ஸ், கலர் சோடா இல்லாம சாயங்காலம் ஓடாது. கவுனி அரிசி நல்லதுன்னு வாங்கி வச்சேன், கறுப்பா இருக்குன்னு தட்டைத் தள்ளிட்டானுக. மாவுருண்டை, சீடைன்னு நம்ம பலகாரத்துக்கு மாத்திட்டா சரியாயிருமா?

பதில்: பலகாரம் நம்மளோடதுங்கிறதுக்காகவே உடம்புக்கு நல்லதாயிராது தம்பி, இதை எழுத எனக்கே மனசு கஷ்டமாத்தான் இருக்கு. மாவுருண்டையில சீனியும் நெய்யும், சீடையில எண்ணெயும் உப்பும் இருக்கு. ஆனா அளவு நம்ம கையில, எண்ணெய் எதுன்னு நமக்குத் தெரியும், கவர் குப்பையும் இல்ல. அதனால பாக்கெட்டுக்குப் பதிலா வாரத்துல ரெண்டு நாள் பலகாரம், ரெண்டு நாள் சுண்டல், ஒரு நாள் வேகவச்ச கடலையோ பனங்கிழங்கோ, மிச்ச ரெண்டு நாள் அவனுக கேட்டதை வாங்கிக் குடுங்க. முழுசா நிறுத்துனா பள்ளிக்கூட வாசல்ல வாங்கித் திங்கத்தான் போறானுக. கலருக்குப் பதிலா பானைத்தண்ணியில எலுமிச்சம்பழம், முதல் வாரம் சீனி தாராளமாவே போடுங்க, வாரம் அரை ஸ்பூனாக் கொறைச்சுட்டே வாங்க, நாக்குக்குத் தெரியாது.

கவுனியைத் தனியாப் பொங்கி வச்சா எந்தப் புள்ள சாப்பிடும்! நாலு டம்ளர் இட்லி அரிசிக்குக் கால் டம்ளர் கவுனி சேத்து ஊறப்போட்டு ஆட்டுங்க, இட்லி லேசா கத்திரிப்பூ கலர்ல வரும், பசங்களுக்கு அது பிடிக்கும். மாசம் ஆக ஆக அரை டம்ளர், முக்கா டம்ளர். முழுசா கவுனி சமைக்கிறப்ப ராத்திரியே ஊறவச்சுருங்க, இல்லைனா எத்தனை விசில் விட்டாலும் நறுக்குநறுக்குன்னுதான் இருக்கும். நார்ச்சத்தும் அந்தக் கறுப்பும் மேல்தோல்லதான் இருக்கு, அதனாலதான் அது நல்லது. ஆனா அதுவும் அரிசிதான், சுகர் இருக்குறவுக கவுனின்னு ரெண்டு தட்டு சாப்பிடக் கூடாது. விசேஷத்துக்கு சீனி, நெய், தேங்காய்ப்பூ போட்டு நம்ம வைக்கிற கவுனரிசி வேற கணக்கு, அது விசேஷத்தோட நிக்கட்டும்.

இன்னொன்னு, பெரியவுக தட்டையும் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு சொல்லுது, அது ஒரு டீஸ்பூன். நம்ம இலையில அப்பளம், ஊறுகாய், மோர் மிளகா, உப்புக்கண்டம்னு ஓரமா வைக்கிறதுலயே அது முடிஞ்சுரும். ஒரு சாப்பாட்டுக்கு இதுல ஒன்னு மட்டும்னு வச்சுக்கலாம்.

கேள்வி: காரைக்குடியில மாடி வாடகை வீடு. அடுப்படிக் கழிவை உரமாக்கலாம்னு பக்கெட்ல போட்டேன், நாத்தமும் புழுவும், வீட்டு ஓனரம்மா சத்தம் போட்டாக. விட்டுறவா?

பதில்: விட்டுறாதீக, ஈரம் அதிகமாயிருச்சு, வேற ஒன்னுமில்ல. காய்த்தோலு ஒரு பங்குன்னா காஞ்ச சருகு ரெண்டு பங்கு போடணும். சருகு இல்லைனா தேங்காய் நார்த்தூள், கிழிச்ச நியூஸ்பேப்பர். பக்கெட்டுக்கு அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை வேணும், பழைய மண்பானைன்னா இன்னும் நல்லது. தினம் போடுற கழிவு வெளிய தெரியாம மேல சருகால மூடிருங்க. வாரம் ரெண்டு தடவை குச்சியால கிளறி ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சு பாருங்க, ஒன்னு ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகுச்சுன்னா சருகு போடுங்க, உதுந்துபோச்சுன்னா தண்ணி தெளிங்க. சோறு, குழம்பு, மீன் செதில், எலும்பு இப்போதைக்கு வேணாம். நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல மழை பெஞ்ச மண் மாதிரி வாசம் வரும், அப்ப உரம் ஆயிருச்சு. முதல் உரத்துல ஒரு கருவேப்பிலைக் கன்னு வச்சு அந்த ஓனரம்மாவுக்குக் குடுங்க.

கேள்வி: கரண்ட் பில் கொறைக்க முதல்ல எதை மாத்தலாம்?

பதில்: பல்பு. 60 வாட்ஸ் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிஞ்சா மாசம் 9 யூனிட், 9 வாட்ஸ் எல்இடி ஒன்றரை யூனிட்கூட ஆகாது. அடுத்து ஃபேன், பழசு 75 வாட்ஸ் இழுக்கும், பிஎல்டிசின்னு சொல்ற, கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார் வச்ச ஃபேன் 30 வாட்ஸ் பக்கந்தான். எல்லாத்தையும் ஒன்னா மாத்தாதீக, ராத்திரி முழுக்க ஓடுற அறைக்கு முதல்ல.

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். சென்னையில வேலை, கானாடுகாத்தான்ல ஐயா கட்டுன வீட்ல அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்காக. வளவு ஓட்டுல விழுற மழைத்தண்ணி பூரா தெருவுக்குப் போகுது, தோட்டத்துக்கு லாரித் தண்ணி வாங்குறோம். பெரிய செலவு இல்லாம என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, ஐயா காலத்துல அந்தத் தண்ணி தெருவுக்குப் போயிருக்காது. நாலு பக்கமும் ஓட்டைச் சரிச்சு முற்றத்துக்குக் கொண்டு வந்ததே வெளிச்சத்துக்கும் காத்துக்கும் இந்தத் தண்ணிக்குந்தான். மழை மூட்டம் போட்டாலே மூலைக்கு மூலை அண்டாவைத் தூக்கி வச்சுருவாக, மிச்சம் கல் கால்வாய் வழியா ஓடும். ஊருக்கு ஊருணி வெட்டி வச்சவுக வீட்டுத் தண்ணியை விடுவாகளா?

கணக்கைப் பாருங்க, 1000 சதுர அடிக் கூரையில 1 சென்டிமீட்டர் மழை பெஞ்சா சுமார் 930 லிட்டர், 15 லிட்டர் குடத்துல 60 குடத்துக்கு மேல. உங்க வீட்டுக் கூரை இதைவிடப் பெருசாத்தான் இருக்கும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி ஒரு வேலை மட்டும் செய்யுங்க. ஓட்டு மேல இருக்குற சருகு, தகரத் தூம்புல அடைச்சிருக்குற மண்ணு எல்லாத்தையும் ஆள் விட்டுச் சுத்தம் பண்ணுங்க. முற்றத்து மூலையில தண்ணி போற வழியில கல்லைத் தூக்கிப் பாத்தா பழைய கால்வாய் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும், எங்க வீட்ல அது சிமெண்டு வச்சு அடைபட்டுக் கெடந்துச்சு, யாரு எப்ப அடைச்சாகன்னே யாருக்கும் தெரியல, உடைச்சு விட்டதும் அடுத்த மழைக்கே தண்ணி பின்கட்டுக் கிணத்துப் பக்கம் திரும்புச்சு. அடுத்த வருஷம் கிணத்துக்குப் பக்கத்துல கூழாங்கல்லு, மணல் போட்ட வடிகட்டுத் தொட்டி ஒன்னு கட்டிக்கங்க, அது வழியா இறக்கலாம். முதல் மழைத் தண்ணியை மட்டும் வெளிய விட்டுருங்க, ஓட்டு அழுக்கு அதோட போயிரும்.

அண்டாவுல பிடிச்சு வச்சா வேட்டித்துணியால வாயை இறுக்கிக் கட்டச் சொல்லுங்க, வாரம் ஒரு தடவை காலி பண்ணித் தேய்ச்சுக் கவுக்கணும், டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை விடும். அப்பாவுக்கு வயசாச்சுன்னா அண்டா வேணாம், கால்வாயை மட்டும் திறந்து விடுங்க. தீபாவளிக்கு ஊருக்கு வர்றப்ப நீங்களே ஒரு குடையைப் பிடிச்சுக்கிட்டு முற்றத்துல நின்னு தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க, பாத்துட்டு எழுதுங்க.