மைனஸ் 40 என்ற எண்ணை நம்பி பூட்ஸ் வாங்காதீர்கள், தம்பி

திருக்கோவில் தம்பி கேட்டிருப்பது இதுதான். விசா வந்துவிட்டது, ஜனவரி நடுவில் பயணம், கனடாவில் பாரி நகரில் இருக்கும் பெரியப்பாவின் மகன் சிம்கோ ஏரி உறைந்ததும் ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு வயலுக்குப் போடும் கம்பூட்ஸுக்குள் இரண்டு மேஸ் (காலுறை) போட்டால் போதுமா, இல்லை கொழும்பில் ஒரு கடையில் பார்த்த மைனஸ் 40 என்று எழுதிய பூட்ஸை இப்போதே வாங்கிவிடவா?

இரண்டும் வேண்டாம் தம்பி. நான் இப்போது லீவில் மட்டக்களப்பு கல்லடியில்தான் நிற்கிறேன், வெளியே மாரி மழை விடாமல் பெய்கிறது, நேரம் இருக்கிறது, ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். கனடாவுக்கு 2006இல் போனவன் நான். ஏரி நன்றாக உறைந்த வருசங்களில் எல்லாம் சிம்கோவில் போய் இருந்திருக்கிறேன், கால் விசயத்தில் அநியாயத்துக்கு ஒரு பாடமும் படித்திருக்கிறேன், அதை நீங்களும் படிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்று. பூட்ஸ் சூடு தருவதில்லை. சூடு உங்கள் உடம்பிலிருந்து இரத்தத்தோடு காலுக்கு வருகிறது, அதை வெளியே விடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் பூட்ஸின் வேலை. கல்முனைச் சந்தையில் மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டியை நினைத்துப் பாருங்கள். காலையில் போட்ட ஐஸ் அந்த வெயிலிலும் பின்னேரம் வரை கிடக்கிறது. பெட்டி குளிரை உண்டாக்கவில்லை, ரெஜிபோமுக்குள் சின்னச் சின்னக் குமிழாக அடைபட்டிருக்கும் காற்று வெளிச்சூட்டை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். பூட்ஸின் உள்ளுறை செய்வதும் அதே வேலை, சூடு போகும் பக்கம் மட்டும் வேறு. அந்தக் காற்று இருக்கும்வரைதான் உறை வேலை செய்யும். இறுக்கிப் போட்டு நசுக்கினால் காற்று போய்விடும். ஈரமானால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும், தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே தெரிவு செய்துவிடுவீர்கள்.

கம்பூட்ஸ் தண்ணீரை வெளியே நிறுத்தும், அது உண்மை. ஆனால் ஒற்றைத் தட்டு றப்பர், காற்றைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் இல்லை, காலின் வியர்வையும் வெளியே போகாது. குளிரில் மலிவான றப்பரும் பிளாஸ்ரிக்கும் கல் மாதிரி விறைத்துவிடும். வேளாண்மைக்கு நல்லது, ஏரிக்கு ஆகாது.

மைனஸ் 40 என்ற எண்ணுக்கு வருகிறேன். எல்லாக் கம்பனியும் ஒரே அளவுகோலால் அளந்து போடும் எண் இல்லை அது, அவரவர் தங்கள் முறைப்படி போடுவது, பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும் ஆளை வைத்துக் கணக்கிடுவது. ஐஸில் நீங்கள் நடக்கப் போவதில்லை. கவிழ்த்த வாளியில் குந்தி, தூண்டில் நுனியைப் பார்த்தபடி நாலு மணி நேரம் அசையாமல் இருக்கப் போகிறீர்கள். அசையாத காலுக்கு இரத்தம் குறைவாகத்தான் வரும். நான் அந்த எண்ணைப் பாதியாக எடுத்துக்கொள்வேன், மைனஸ் 40 என்றிருந்தால் மைனஸ் 20 வரைக்கும்தான் நம்புவேன். அங்கே ஜனவரி இரவில் மைனஸ் 10, 15 சாதாரணம், சில நாள் மைனஸ் 25க்கும் போகும். நம் ஊரில் இதே ஜனவரி இரவில் 23 பாகைக்கு இறங்கினாலே போர்வை தேடுகிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். 2007 ஜனவரி, எனக்கு முதல் வின்ரர். தண்ணீர் போகாத புதுப் பூட்ஸ், காலுக்கு அச்சாக இருந்தது, அதற்குள் பருத்தி மேஸ் இரண்டு சோடி போட்டு அமத்திக் கட்டினேன். கரையிலிருந்து இருபது நிமிசம் ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு நடந்தோம், உள்ளே கால் நன்றாக வியர்த்தது, சூடாகத்தானே இருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். வாளியில் குந்தி அரை மணிக்குள் விரல் கடுக்கத் தொடங்கியது. வெளியே சொல்ல வெட்கம், பொறுத்துக்கொண்டேன். மறுகா ஒரு கட்டத்தில் கடுப்பு நின்றுவிட்டது. சரி, பழகிவிட்டது என்று நினைத்தேன். எங்களோடு வந்த ஆரையம்பதி ஐயா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விரல ஆட்டிப் பாரு மகன், ஆடுறது விளங்குதா?" என்று கேட்டார். விளங்கவில்லை. ஆட்டுகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. அவரே மண்டியிட்டுக் கயிற்றை அவிழ்த்துப் பூட்ஸை இழுத்தார். மேஸ் பிழியலாம் போல ஈரம். சின்னவிரலும் அதற்கு அடுத்ததும் மெழுகுதிரி மாதிரி வெள்ளை. மனிதர் ஒன்றும் பேசாமல் தன் ஜக்கெட்டைத் திறந்து, சேட்டைத் தூக்கி, என் இரண்டு பாதத்தையும் தன் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார். மைனஸ் 14இல், திறந்த ஏரியில். இரத்தம் திரும்பி வரும்போது ஊசி ஊசியாகக் குத்தியது, அழுதுவிட்டேன். தோல் உரிந்ததோடு தப்பியது, ஆனால் அந்த இரண்டு விரலுக்கும் இன்றைக்கும் குளிர் முதலில் தெரியும். அந்த ஐயா இப்போது இல்லை. ஐஸுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவரை நினைக்கிறேன்.

ஆகவே வலி நின்றால் சுகம் இல்லை, அதுதான் ஆபத்து. விரலை அரை மணிக்கு ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், உணர்வு இல்லையென்றால் உடனே சூடான இடத்துக்குப் போங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்க்கவே கூடாது, நெருப்புக்குக் கிட்டக் காட்டவும் கூடாது, மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. உடம்புச் சூடு, இல்லையென்றால் கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர். அதற்குப் பிறகும் வெள்ளை போகவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் ஆசுப்பத்திரி.

இனி என்ன வாங்குவது. என் தெரிவு, கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் உள்ளுறை உள்ள பூட்ஸ். கீழே றப்பர், மேலே தோல் அல்லது நைலோன், உள்ளே கம்பளியை அழுத்திச் செய்த தடித்த மேஸ் மாதிரி ஒன்று தனியாக வரும். சொரெல் கரிபூ இந்த வகையில் பழைய பெயர், அதில் உள்ளுறை 9 மில்லிமீற்றர் தடிப்பு. ஒன்ராறியோவின் பாஃபின், மொன்றியலின் கமிக் இரண்டிலும் நல்லது இருக்கிறது. 100 டொலரில் இருந்து 200, 250 வரை போகும். உள்ளுறை ஏன் கழற்ற வேண்டும் என்றால், எந்தப் பூட்ஸாக இருந்தாலும் மாலையில் உள்ளே ஈரம் இருக்கும், கழற்ற முடியாத உறை இரவுக்குள் காயாது, அடுத்த நாள் ஈரத்தோடு போடுவீர்கள். மைனஸ் 100 போட்டிருந்தாலும் ஈரம் ஈரம்தான். வீட்டுக்கு வந்ததும் உறையை இழுத்து எடுத்து, உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி வைத்து, காற்றுப் படும் இடத்தில் நிறுத்துங்கள். ஹீற்றருக்கு மேல் வைத்தால் ஃபெல்ட் சுருங்கிவிடும், ஒரு சோடியை நானே அப்படி இழந்தேன். மேலதிகமாக ஒரு சோடி உறை வாங்கி வைத்தால் தொடர்ந்து இரண்டு நாள் போகலாம்.

நியோப்ரீன் என்ற நுரை றப்பரில் செய்து, முழங்கால் வரை வரும் பூட்ஸும் உண்டு. தண்ணீர் ஒரு சொட்டுப் போகாது, மார்ச்சில் ஐஸுக்கு மேல் தண்ணீர் நிற்கும் காலத்துக்கு அருமை. ஆனால் வியர்வை உள்ளேயே நிற்கும், காய நேரம் எடுக்கும். கடுங்குளிரில் அசையாமல் இருக்க நான் அதைப் போடுவதில்லை. பெட்டியில் 400 கிராம், 800 கிராம் தின்சுலேட் (ஒரு செயற்கைப் பஞ்சு) என்று எழுதியிருந்தால் அது பூட்ஸின் எடை இல்லை, ஒரு சதுர மீற்றர் உறைக்கு எவ்வளவு பஞ்சு என்ற கணக்கு. நடந்து திரிய 400 போதும், குந்தியிருக்க 800க்குக் குறையாமல் பாருங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு முதல் வேலை அநேகமாக வெயார்ஹவுஸில்தான் கிடைக்கும், பச்சை முக்கோணம் போட்ட சேவ்ற்றிப் பூட்ஸ் வாங்கச் சொல்வார்கள். அதையே ஏரிக்கும் போடலாம் என்று பலர் செய்கிறார்கள். விரலுக்கு மேல் இரும்பு இருக்கிறது தம்பி. தடித்த மேஸோடு விரல் விரிய அதற்குள் இடம் குறைவு. வேண்டாம்.

உயரம் பத்து அங்குலத்துக்குக் குறைய எடுக்காதீர்கள். ஏரி உறைந்தால் எல்லாம் கட்டிதானே, தண்ணீர் எங்கே என்று நினைப்பீர்கள். பெரிய பனி விழுந்தால் அதன் பாரத்தில் ஐஸ் சற்றுத் தாழும், வெடிப்பாலும் துளையாலும் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கு அடியில் கூழாக நிற்கும். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று காய்ந்த பனி, காலை வைத்தால் கணுக்கால் வரை போகும். படுவான்கரைப் பக்கம் காய்ந்த சேறு மாதிரித் தெரிந்து காலை உள்ளே வாங்குமே, அந்த மாதிரித்தான்.

அளவு பற்றிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். பின்னேரத்தில், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், வெள்ளைத் தாளை நிலத்தில் வைத்து அதன்மேல் முழுப் பாரத்தோடு நின்று யாரையாவது கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு காலையும் அளந்து பாருங்கள், பெரிய காலின் அளவை எடுங்கள். சாதாரணச் சப்பாத்து அளவைவிட அரை அல்லது ஒரு அளவு கூட வேண்டும். போட்டுப் பார்க்கும்போது ஐஸில் போடப்போகும் அதே மேஸோடு போடுங்கள், உள்ளே எல்லா விரலும் தாராளமாக விரிந்து மடங்க வேண்டும். இடமில்லாத பூட்ஸுக்குள் இரண்டாவது மேஸைத் திணித்தால் சூடு கூடாது, இரத்த ஓட்டம்தான் குறையும்.

மேஸ் என்றால் மெல்லிய ஒன்று, அதற்கு மேல் தடித்த கம்பளி ஒன்று, போதும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூட்டைப் பிடிக்கும், பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு அப்படியே கிடக்கும். அம்மா அக்கரைப்பற்றில் ஒரு டசின் பருத்தி மேஸ் வாங்கி பெட்டிக்குள் வைப்பார், வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வீட்டுக்குள் போட உதவும். ஏரிக்குப் போகும்போது காரில் ஹீற்றர் போட்டுக்கொண்டு பூட்ஸோடு இருக்காதீர்கள், சாதாரணச் சப்பாத்தில் போய், கரையில் மாற்றுங்கள். நடந்து துளை போடும் இடத்துக்கு வந்ததும், குந்துவதற்கு முன் காய்ந்த மேஸ் மாற்றுங்கள். மாற்றும் அந்த ஒரு நிமிசம் குளிரும். பிறகு மூன்று மணி நேரம் சுகம். கயிற்றையும் சற்றுத் தளர்த்திவிடுங்கள்.

அடுத்தது அடிப்பாகம். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் கூட வருகிறது, நீங்கள் மணிக்கணக்காக ஐஸ் கட்டியில் மிதித்துக்கொண்டு இருக்கிறீர்கள். தடித்த அடி உள்ளதை எடுங்கள், ஆனால் அதையும்விட உதவுவது ஒரு துண்டு ரெஜிபோம் பலகை, அல்லது றப்பர் கம்பளம், அல்லது வெறும் மரப்பலகை. காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதமும் செலவில்லை, வித்தியாசம் பத்து நிமிசத்தில் தெரியும்.

வழுக்குவது வேறு பிரச்சினை. சூடான பூட்ஸ் வழுக்காத பூட்ஸ் இல்லை. ரொறொன்ரோவில் ஒரு மறுவாழ்வு மருத்துவ ஆய்வுக்கூடம் பூட்ஸ்களை உண்மையான ஐஸில் ஆட்களை நடக்க வைத்துச் சோதித்து, பனிப்பூ அடையாளம் போட்டு வெளியிடுகிறது, வீதிக்கு வாங்கும்போது அதைப் பாருங்கள். ஏரியில் பனி இல்லாத கண்ணாடி ஐஸுக்கு எந்த அடியும் நிற்காது, பூட்ஸுக்கு மேல் மாட்டும் ஆணிப் பட்டி ஒன்று வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. தெளிந்த, நீலம் பாய்ந்த புது ஐஸ் 10 சென்ரிமீற்றராவது இருந்தால்தான் நடக்கலாம். வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம், ஆகவே இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். சாம்பல் நிறம் கண்டால் திரும்பி வாருங்கள். கழுத்தில் ஐஸ் குத்தும் ஆணிச் சோடி ஒன்று தொங்கவிடுங்கள், விழுந்தால் அதைக் குத்தித்தான் ஏறலாம். 18இலிருந்து 64 வயது வரை ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதி எடுக்க வேண்டும், அதை எடுக்காமல் போகவே வேண்டாம். முதல் முறை ஐஸின் மேல் நிற்கும் வாடகைக் குடில் எடுக்கச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள், உள்ளே அடுப்பு இருக்கும், கால் எப்படி நடந்துகொள்கிறது என்று பயமில்லாமல் பார்க்கலாம்.

மீன் இருக்குமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இருக்கும். தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் பாரமாக இருக்கும், ஆகவே அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, உறைவது மேலே மட்டும். மீன் கீழே உயிரோடு திரிகிறது. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட பேர்ச் மீனைத் துளையால் இழுத்து எடுத்து, ஊர்த்தூள் பிரட்டிப் பொரித்தால், தோணியில் போய் வாவியில் பிடித்த மீனை அன்றிரவே தின்பது நினைவு வரும்.

பூட்ஸை வந்து இறங்கிய பிறகு அங்கேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். விமானத்தில் இருந்து இறங்கும் நாளுக்குச் சாதாரண மூடிய சப்பாத்தும் ஒரு கம்பளி மேஸும் போதும், அண்ணன் காரோடு வருவார்தானே. நாளைப் பின்னேரம் காலைத் தாளில் கோடு போட்டு நீளத்தைச் சென்ரிமீற்றரில் எனக்கு அனுப்புங்கள். 27க்குக் கிட்டவாக இருந்தால், என்னிடம் 10ஆம் அளவில் ஃபெல்ட் பூட்ஸ் ஒரு சோடி சும்மா கிடக்கிறது, புது உறையோடு. ஸ்காபரோவில் என் வீட்டில்தான் இருக்கிறது, நான் திரும்பியதும் பாரிக்குக் கொண்டுவந்து தருகிறேன்.