பேர் காணோம், கடன் மட்டும் இருக்கிறது

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் மாமனார் காலத்து மளிகைக் கடையை நடத்தி வருகிறேன். தோட்டத்து ஆட்களுக்கு மாதக் கடன் உண்டு. 555 புத்தகத்தை விட்டுக் கணினிக்கு மாறிப் பல வருடம் ஆகிறது. பழைய ஃபாக்ஸ்ப்ரோ மென்பொருள்தான். கல்லாவில் ஒரு கணினி, பின்னால் ஸ்டோரில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே வைஃபை. போன வாரம் இடி மழையில் கரண்ட் போய் வந்தது. அன்றிலிருந்து முனியம்மா என்று தேடினால் 'இல்லை' என்கிறது. ஆனால் மாதக் கடைசி மொத்தத்தில் அவர் கடன் சேர்ந்தே வருகிறது! "டேட்டாபேஸ் செத்துப்போச்சு, 4,800 வெள்ளிக்குப் புதுசு வாங்குங்க" என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: பொறுங்கள் தங்கச்சி. முனியம்மா எங்கும் போகவில்லை. மொத்தம் சரியாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

தோட்டத்துக் கிராணியாரின் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் சேர்ந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவார். பேர் சொன்னதும் பக்கத்தைப் புரட்ட, அகர வரிசையில் தனியாக ஒரு தாள் வைத்திருப்பார். அந்தத் தாள் கிழிந்தால் ஆள் லயத்தை விட்டுப் போய்விடுவதில்லை. ஃபாக்ஸ்ப்ரோவில் டிபிஎஃப் கோப்புதான் பேரேடு, சிடிஎக்ஸ் கோப்பு அந்தத் தாள், அதாவது இண்டெக்ஸ். தேடும்போது தாளைப் பார்க்கிறது. மொத்தம் போடும்போது பேரேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை கூட்டிப் போகிறது. கரண்ட் போன நொடியில் பேரேட்டில் எழுதியாகிவிட்டது, தாளில் பாதிதான் எழுதியிருக்கிறது.

இப்போது பெரிய ஆபத்து 'இல்லை' என்ற பதிலை நம்புவதுதான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில், தேடிக் கிடைக்காத பேரையெல்லாம் கல்லாப் பையன் புதிதாகப் பதிந்துகொண்டே போனான். இண்டெக்ஸைச் சரிசெய்ததும் ஆளுக்கு இரண்டு கணக்கு! அவற்றை ஒட்டி முடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அதனால் சரியாகும் வரை புதுப் பேர் பதியாதீர்கள். கடனை நோட்டில் எழுதுங்கள். அந்த 555 புத்தகத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அடுத்து, இரண்டு கணினியிலும் மென்பொருளை மூடிவிட்டு, அந்த ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் காப்பி எடுங்கள். எஃப்பிடி என்று முடியும் கோப்புகளையும் விடாதீர்கள், குறிப்புகள் அதில்தான் கிடக்கும். அதன் பிறகு, மென்பொருளை எழுதியவரைக் கூப்பிட்டு இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். 'ரீஇண்டெக்ஸ்' பொத்தானை அழுத்தினால் போதாதா என்பார். பல நேரம் போதும். ஆனால் அந்தக் கட்டளை, எந்த வரிசையில் அடுக்குவது என்பதை அடிபட்ட சிடிஎக்ஸ் கோப்பின் தலைப்பகுதியிலிருந்தே படிக்கும். அந்த இடமே கெட்டிருந்தால் கெட்டதை வைத்துத்தான் கட்டும். பழைய இண்டெக்ஸை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குவதே உறுதி. நீங்களாகவே சிடிஎக்ஸ் கோப்பை அழித்துப் பார்க்க வேண்டாம், பிறகு பேரேடே திறக்க மறுக்கும்.

இனி வாங்கும் விஷயம். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு வயதாகிவிட்டது, உண்மை. கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. ஒருநாள் மாறத்தான் வேண்டும். ஆனால் உங்கள் வியாதிக்குக் காரணம் வயது இல்லை. இந்த வகையில் டேட்டாவைக் காவல் காக்கும் சர்வர் கிடையாது. ஒவ்வொரு கணினியும் நேரே கோப்புக்குள் கை விட்டு எழுதுகிறது. நடுவில் வைஃபை ஒரு கணம் அறுந்தாலும் தாள் பாதியில் நிற்கும். மைக்ரோசாஃப்டின் இன்னொரு டேட்டாபேஸான ஆக்சஸும் இதே ஜாதிதான். எஸ்கியூலைட் என்று இன்னொரு டேட்டாபேஸ், கரண்ட் போனால் பாதி வேலையைத் தானே பின்வாங்கிச் சரி செய்துகொள்ளும், நல்ல சரக்கு. ஆனாலும் நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்பாக வைப்பதில் ஆபத்து உண்டு என்று அதைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள்.

ஆகவே விற்பனையாளரிடம் முதல் கேள்வி: "டேட்டா எதில் இருக்கிறது?" 'ஆக்சஸ், ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும்' என்றால் 4,800 வெள்ளிக்கு அதே வியாதியைத்தான் வாங்குவீர்கள். ஃபயர்பேர்ட், போஸ்ட்கிரே எஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் போன்ற, காவல் காக்கும் சர்வர் உள்ள டேட்டாபேஸ் என்றால் பேசலாம். மூன்றும் இலவசம். எக்ஸ்பிரஸின் 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை இடம், மளிகைக் கடைக்கு அது ஏழு தலைமுறைக்கு வரும். டேட்டாபேஸ் லைசென்ஸ் என்று தனியாகக் காசு கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். முனியம்மாவின் கணக்கை எக்செலில் திறக்கும்படி வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

வாக்குறுதி எல்லாம் எழுத்தில் வேண்டும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்குபவருக்கானது. கடைக்கு வாங்கியதற்கு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போய் நிற்க முடியாது.

எப்படி முடிவு செய்தாலும் இந்த வாரமே இரண்டு வேலை: கல்லாவுக்கும் ஸ்டோருக்கும் கேபிள் இழுங்கள், இரண்டு கணினிக்கும் யூபிஎஸ் வையுங்கள். நம் ஊர் மாலை இடிக்கு எந்த மென்பொருளும் பயப்படும்.

கேள்வி: கோயில் சந்தா கணக்கு ஆக்சஸில் இருக்கிறது. நானும் செயலாளரும் வீட்டிலிருந்தே எழுத, கிளவுட் ஃபோல்டரில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. இருவரும் ஒரே நேரத்தில் எழுதினால் இரண்டு கோப்பாகப் பிரிந்து நிற்கும், அல்லது ஒருவர் எழுதியது காணாமல் போகும். கிளவுடில் காப்பி மட்டும் வையுங்கள். அதையும் எப்போது எடுப்பது என்றால், கோப்புக்குப் பக்கத்தில் எல்ஏசிசிடிபி என்று முடியும் குட்டிக் கோப்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள். அவர் மூடிய பிறகு எடுங்கள்.