பழைய செய்தித்தாள்களில் ‘தியாகராஜன்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, எல்லாம் ஒரே ஆளா, தஞ்சாவூர்ப் பக்கம் ஏன் இத்தனை பேர்?

ஒரே ஆள் இல்லை. நான் திருவாரூர்க்காரன், எங்கள் தெருவில் நின்று “தியாகு” என்று கூப்பிட்டால் எப்படியும் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கோயிலில் இருப்பவர் தியாகராஜர், ஊரே அவருடையது, பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பதற்கு யாரும் யோசித்ததில்லை. திருவையாற்றில் சமாதியான தியாகராஜ சுவாமிகளுக்கும் அந்தப் பெயர் இங்கே பிறந்ததால் வந்தது என்றுதான் சொல்வார்கள்.

அதனால் பழைய தாள்களில் இந்தப் பெயரைத் தேடினால் வருவது ஒரு கூட்டம். ஜனவரி வந்துவிட்டால் திருவையாற்று ஆராதனைச் செய்தி. 1916-ல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சென்னை பிட்டி தியாகராயர் (தி.நகர் இவர் பெயரில்தான் இருக்கிறது). 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் குற்றமற்றவர் என்று விடுதலையான தியாகராஜ பாகவதர், அவர் மாயவரத்தில் பிறந்தவர். இன்னும் பின்னால் போனால் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார், 1880-ல் தன் வேலையை உ.வே.சா.வுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர், என்னைக் கேட்டால் இந்தப் பெயர்க்காரர்களில் அதிகம் பேசப்பட வேண்டியவர் இவர்தான். ராஜன், ராசன், ராயன் என்று எழுத்து மாறிக்கொண்டே இருக்கும், எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

பிரபலங்களைப் பிரிப்பது சுலபம். சிக்கல் சாதாரண ஆட்களிடம்தான், அதுவும் இனிஷியலை நம்பினால். எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். ராமசாமி மகன் ரா. தியாகராஜன், அவர் மகன் தி. ராமசாமி, அவருக்குப் பிறக்கும் பையன் மறுபடியும் ரா. தியாகராஜன்! ஊர் ஒன்று, வீடு ஒன்று, இனிஷியலும் ஒன்று. 1930-ல் பஞ்சாயத்துத் தகராறில் வருபவர் தாத்தா, 1985-ல் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் வருபவர் பேரன், இரண்டையும் ஒட்டி ஒருவருடைய வாழ்க்கை வரலாறாக எழுதிவிடுகிறார்கள். ஒருவர் போன ஜெயிலை இன்னொருவர் தலையில் கட்டினால், செத்துப்போனவர் எழுந்து வந்து மறுக்க முடியாது, அவர் பேரப்பிள்ளைகள்தான் பதில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வரும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? செய்தியை விட்டுவிட்டு அதே தாளில் பொடி எழுத்தில் இருக்கும் கோர்ட் நோட்டீஸைப் படியுங்கள். செய்தியில் ‘மிராசுதார் தியாகராஜ பிள்ளை’ என்று மட்டும் இருக்கும். நோட்டீஸில் வாதி யார், பிரதிவாதி யார், அப்பா பெயர், கிராமம், தாலுகா எல்லாம் வரிசையாக வரும், நிலத் தகராறென்றால் சில சமயம் சர்வே எண்ணும் நான்கு எல்லையும்கூட இருக்கும். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நஞ்சை என்று போட்டிருந்தால் அந்த நிலத்தை இன்றைக்கும் போய்ப் பார்த்துவிடலாம், வாய்க்கால் அங்கேயேதான் இருக்கும். எங்கள் பெரிய தாத்தாவை நான் அப்படித்தான் பிரித்தெடுத்தேன், ஊர்க்காரர்கள் அவர் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்று தெரிந்தது. வயதும் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் மாவட்டப் பெயரை வைத்து யாரையும் தள்ளிவிடாதீர்கள். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-ல், திருவாரூர் 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். 1991-க்கு முன்னால் இவை எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான், வேதாரண்யத்துக்காரரும் ‘தஞ்சாவூர் தியாகராஜன்’ என்றே அச்சாகியிருப்பார். நீங்கள் தேடும் ஆளுடைய தாலுகாவும் ஏறக்குறைய எந்த வருடம் என்பதும் தெரிந்தால் கீழே எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.