சி.ஆர்.பி. எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்) என்பது உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம். அதைப் பற்றிய வாசகர் கேள்விகள் இவை.

கேள்வி: காய்ச்சல் தொடங்கிய 2 மணி நேரத்தில் சி.ஆர்.பி. இயல்பு. மறுநாள் 80 மி.கி./லிட்டர். ஆய்வகத் தவறா?

பதில்: ஆய்வகத் தவறில்லை, முதல் பரிசோதனையை அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். இன்டர்லூகின்-6 என்ற அழற்சிச் செய்தி மூலக்கூறின் உத்தரவு போன பிறகுதான் கல்லீரல் இதைச் சுரக்கிறது. ஏறத் தொடங்கவே 6 மணி நேரம் போல ஆகும். உச்சம் தொட 2 நாள். தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

கேள்வி: எனக்கு சி.ஆர்.பி. 4. ஆபத்தா?

பதில்: 4 என்றால் என்ன 4? அலகு எங்கே? எத்தனை முறைதான் எழுதுவது! லிட்டருக்கு 4 மி.கி. என்றால் உடல் பருமன், புகைப்பழக்கம், ஈறு வீக்கம், லேசான சளி என எதுவும் காரணமாகலாம். டெசிலிட்டருக்கு 4 மி.கி. என்றால் அது லிட்டருக்கு 40. எங்கோ அழற்சி மும்முரமாக நடக்கிறது. இன்னொரு வாசகர் 38 என்பது 3.8 ஆகிவிட்டது என்று மருந்தையே நிறுத்திவிட்டார். இரண்டு அறிக்கையையும் வாங்கிப் பார்த்தேன். ஆய்வகம் மாறியிருக்கிறது, அலகு மாறியிருக்கிறது. அழற்சி அப்படியே இருக்கிறது. அலகைப் படியுங்கள், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். அப்புறம், லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ், 1 முதல் 3, 3-க்கு மேல் என்ற பிரிவு இதய அபாயத்தைக் கணிக்க மட்டுமே. சளி பிடித்திருக்கும்போது எடுத்து இதயத்தை எடை போடாதீர்கள்.

கேள்வி: ‘சி’ என்பது வைட்டமின் சி-யா?

பதில்: இல்லை. நிமோகாக்கஸ் கிருமியின் சி-பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைப் பொருளோடு இது வினைபுரிவதை ஆய்வாளர்கள் டில்லெட்டும் பிரான்சிஸும் 1930-இல் கண்டார்கள். அந்த ‘சி’.

கேள்வி: சி.ஆர்.பி.யைக் குறைத்தால் மாரடைப்பு வராதா?

பதில்: மரபணு காரணமாகவே இது சற்றுக் கூடுதலாக இருப்பவர்களை ஆராய்ந்தார்கள், அதனால் மட்டும் மாரடைப்பு கூடவில்லை. எண்ணுக்கு மருந்து தேடாதீர்கள், எண் ஏறிய காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்) இருக்கிறது. இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை) அதிகம், சி.ஆர்.பி. இயல்பு. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், லூபஸில் இப்படி அடிக்கடி நடக்கும். சி.ஆர்.பி. திடீரென எகிறினால் முதலில் தொற்றைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் போடுகிறேன். 3 நாளாக இருமல், காய்ச்சல். ஆனால் சி.ஆர்.பி. மிகக் குறைவு. தொற்று இல்லைதானே?

பதில்: அப்படி முடிவு செய்யவே கூடாது. அந்த மருந்து இன்டர்லூகின்-6 ஏற்பியை அடைத்துவிடுகிறது; கல்லீரலுக்குச் செய்தியே போவதில்லை. நிமோனியா இருந்தாலும் எண் ஏறாமல் கிடக்கும். அடுத்த ஊசியைப் போடும் முன், இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.