களை பறிக்கும் கை யாருடையது?

கேள்வி: குழந்தையைக் கொன்றவனுக்கும் தூக்கு வேண்டாம் என்கிறீர்கள். 'கண்ணுக்குக் கண்' என்கிறது பைபிள். 'கிஸாஸ்', அதாவது குற்றத்துக்குச் சமமான பழி, என்கிறது குர்ஆன். கொடியவரை ஒறுப்பது களை பறிப்பது போல என்கிறது குறள். மதங்களே ஒப்புக்கொண்டதை மறுக்க நீங்கள் யார்?
– வாசகர் ஒருவர், தொண்டி

பதில்: திருக்குறளையும் மதக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். எந்த மதம் என்றும் எழுதியிருந்தால் பல பட்டிமன்றங்கள் மிச்சமாகியிருக்கும். போகட்டும்.

எடுத்துக்காட்டுகளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். 'கண்ணுக்குக் கண்' என்பது, பழி ஒரு கண்ணோடு நிற்கட்டும் என்று போட்ட வரம்பு. மலைப்பொழிவில் இயேசு அதையும் வேண்டாம் என்றார். கத்தோலிக்கத் திருச்சபை 2018இல் தன் மறைக்கல்வி ஏட்டையே திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதிவிட்டது. கிஸாஸைச் சொல்லும் அதே வசனம் (2:178), கொலையுண்டவரின் உறவினர் மன்னித்து ஈட்டுத்தொகை பெறவும் வழி விடுகிறது.

550ஆம் குறள் உங்கள் கட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் அந்த வேலையைக் கொடுத்தது வேந்தனிடம். இன்று வேந்தன் யார்? ஓட்டுப் போட்ட நீங்களும் நானும். கயிற்றை இழுக்கும் கையில் நம் விரலும் இருக்கிறது. 'வேதம் சொல்லிற்று' என்று அதை உதறிவிட முடியாது.

ஓரியூர் உங்களுக்குப் பக்கம்தானே? 1693 பிப்ரவரி 4 அன்று கிறிஸ்தவத் துறவி அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) அங்கே தலை வெட்டினார்கள். சேதுபதி சீமையின் ஆணைப்படி அதுவும் தண்டனைதான். வெட்டியவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இன்று, அவர் ரத்தத்தில் சிவந்ததென்று நம்பப்படும் அந்த மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போகிற பெண்களில் திருநீறு பூசியவர்களும் உண்டு.

இன்னும் கிட்டே வருகிறேன். 2014 அக்டோபர் 30 அன்று, ஹெராயின் கடத்தியதாகச் சொல்லி நம் மீனவர் ஐவருக்குக் கொழும்பு நீதிமன்றம் தூக்கு விதித்தது. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் தண்டவாளம் பெயர்ந்தது, பஸ் எரிந்தது. அன்று கண்ணுக்குக் கண் பற்றி யாரும் பேசவில்லை. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வித்தியாசமில்லாமல் 'அவர்களை உயிரோடு விடுங்கள்' என்பதே பேச்சு. நவம்பரில் அன்றைய இலங்கை அதிபர் ராஜபக்சே பொது மன்னிப்பு அளித்தார். ஐவரும் வீடு திரும்பினார்கள். நல்லது.

அதே தீர்ப்பில் இலங்கையர் மூவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டிருந்தது. அவர்களுக்காக இந்தக் கரையில் ஒரு மெழுகுவத்தி எரிந்து நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?