எண்ணிக்கையா, நேர்காணலா? ஆய்வுமுறைகள் பற்றிய கேள்வி பதில்

சமூக அறிவியலில் ஆய்வு செய்யும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். எண்களாகத் தரவு திரட்டிப் புள்ளியியல் வழியே பார்ப்பதை அளவுசார் ஆய்வு என்றும், பேச்சு, கவனிப்பு, எழுத்து ஆகியவற்றைத் தரவாகக் கொண்டு பொருள் காண்பதைப் பண்புசார் ஆய்வு என்றும் இங்கே சொல்கிறோம்.

கேள்வி: வணக்கம் சார். மாணவர்கள் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்துவதுதான் என் தலைப்பு. நெறியாளர் அளவுசார் முறையில் செய்யச் சொல்கிறார். எனக்கு நேர்காணல்தான் பிடித்திருக்கிறது. எதை எடுப்பது?

உங்களுக்குப் பிடித்ததையும் நெறியாளருக்குப் பிடித்ததையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் எப்படிப்பட்ட வாக்கியத்தை எழுத விரும்புகிறீர்களோ, அதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "விடுதியில் தங்குகிறவர்களைவிட வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் இடைநிற்றல் அதிகம்" என்பது எண்ணிப் பார்க்காமல் எழுத முடியாத வாக்கியம். "நிறுத்துவது என்ற முடிவு எந்தெந்தப் படிகளில் உருவாகிறது, அதை வீட்டாரிடம் எப்படிச் சொல்கிறார்கள்" என்பதுதான் உங்கள் அக்கறை என்றால், ஆயிரம் படிவங்கள் வந்தாலும் அதற்கு விடை கிடைக்காது.

இன்னொரு சோதனையும் உண்டு. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்பதற்கான விடைத் தேர்வுகளைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதுங்கள். பட்டியல் முழுமையானது என்று துணிந்து சொல்ல முடிந்தால் வினாநிரல் போதும். பாதிப் பேர் "மற்றவை" என்ற கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள் என்று தோன்றினால், முதலில் 8 முதல் 10 நேர்காணல்கள் செய்து, அவற்றிலிருந்து தேர்வுகளை எடுங்கள்.

கேள்வி: எல்லா ஆய்வேட்டிலும் மாதிரி அளவு 384 என்றே இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? நானும் 384 போட்டுக்கொள்ளலாமா?

இந்தச் சூத்திரத்திலிருந்து வருகிறது: மாதிரி அளவு = z² × p × (1−p) ÷ e². 95% நம்பிக்கை மட்டத்துக்கு z = 1.96. p என்பது நாம் மதிப்பிட விரும்பும் விகிதம். அது தெரியாதபோது p = 0.5 என்று வைப்போம். அப்போதுதான் மாதிரி மிகப் பெரியதாக வரும். பிழை எல்லை, அதாவது மாதிரியில் வரும் விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது, 5% என்றால் e = 0.05. கணக்குப் போட்டால் 384.16 வரும். முறைப்படி மேலே முழுமையாக்கினால் 385. பிழை எல்லையை 3% ஆக்கினால் சுமார் 1,067 பேர் வேண்டும். மொத்த மக்கள்தொகை (ஆய்வு யாரைப் பற்றியதோ அந்த முழுக் குழு) 1,000 பேர்தான் என்றால், சிறிய மக்கள்தொகைக்கான திருத்தத்துக்குப் பின் 278 போதும். 1 லட்சம் என்றால் 383. அதாவது மக்கள்தொகை ஓரளவு பெரிதான பிறகு மாதிரி அளவு அசைவதே இல்லை. "மக்கள்தொகையில் 10% எடுக்க வேண்டும்" என்று சொல்லப்படுவதற்குப் புள்ளியியலில் அடிப்படை கிடையாது.

அந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டுப் போவதில் நான்கு இடங்களில் இடறல் வரும்.

முதலாவது, சூத்திரம் எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு, அதாவது எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல்போல் எடுத்த மாதிரிக்கு, மட்டுமே பொருந்தும். கையில் கிடைத்தவர்களிடம் படிவம் கொடுத்துவிட்டு "பிழை எல்லை 5%" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

இரண்டாவது, வகுப்பு வகுப்பாகவோ ஊர் ஊராகவோ கொத்தாக எடுத்தால் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். ஒரே வகுப்பில் இருக்கிறவர்கள் ஓரளவு ஒரே மாதிரி விடை சொல்வார்கள். 20 பேரைக் கேட்டாலும் 20 புதிய தகவல் கிடைக்காது. பெருக்க வேண்டிய எண் 1 + (m−1)ρ. இதில் m என்பது ஒரு கொத்தில் எத்தனை பேர் என்பது. ρ (ரோ) என்பது கொத்துக்குள் உள்ளவர்களின் விடைகளில் இருக்கும் ஒற்றுமை. m = 20, ρ = 0.05 என்றாலே 1.95 மடங்கு. 385 என்பது 751 ஆகிவிடும்.

மூன்றாவது, பதில் வராத படிவங்கள். 70% பேர்தான் பதில் தருவார்கள் என்றால் 550 பேரை அணுக வேண்டும்.

நான்காவதைத்தான் பலரும் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். 385 பேருக்கு 5% என்பது மொத்த மாதிரிக்கான எல்லை. அதில் 40 பேர் மட்டும் உள்ள ஒரு துணைக்குழுவைப் பற்றிப் பேசினால் பிழை எல்லை 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒப்பிட வேண்டிய குழுக்கள் எவை என்று முதலில் முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

குழுக்களின் சராசரியை ஒப்பிடுவதற்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. நடுத்தர அளவு வேறுபாட்டை (d = 0.5, அதாவது அரைத் திட்டவிலக்கம்) 80% திறனோடு, அதாவது வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்க 80% வாய்ப்போடு, கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் நேர்காணலுக்கு எத்தனை பேர்? 12 போதும் என்கிறார்களே.

அந்த 12 எண் பெரும்பாலும் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவரின் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை அவர்கள் வரிசையாகப் பகுத்துப் பார்த்தார்கள். குறியீடுகளில் (பேச்சில் வரும் கருத்துகளுக்கு ஆய்வாளர் இடும் பெயர்கள்) பெரும்பகுதி முதல் 12க்குள்ளேயே வந்துவிட்டது. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு: பங்கேற்பாளர்கள் ஓரளவு ஒத்த பின்னணி உடையவர்கள், எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் கேட்கப்பட்டன. உங்கள் ஆய்வில் மாணவர், பெற்றோர், ஆசிரியர் என்று மூன்று தரப்பு இருந்தால் 12 என்பது தரப்புக்கு நான்காகச் சுருங்கிவிடும். அது போதாது.

தகவல் நிறைவு, அதாவது இனிப் புதிதாக எதுவும் வராத நிலை, எட்டியதைக் காட்ட அட்டவணை ஒன்று வையுங்கள். ஒவ்வொரு நேர்காணலுக்கும் புதிதாக எத்தனை குறியீடுகள் வந்தன என்று குறியுங்கள். தொடர்ந்து மூன்று நேர்காணல்களில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் நிறுத்தலாம். அட்டவணை இல்லாமல் "நிறைவு எட்டப்பட்டது" என்று எழுதினால் தேர்வாளர் நம்பமாட்டார்; நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: கூகுள் படிவத்தை வாட்ஸாப் குழுக்களில் போட்டேன். 600 பதில் வந்துவிட்டது. 385ஐத் தாண்டிவிட்டதால் பிரச்சினை இல்லைதானே?

பிரச்சினை இருக்கிறது. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. வேட்பாளர்களில் லாண்டன் வெல்வார் என்றது இதழ். எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவு போன்றவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. மாதிரி எவ்வளவு பெரிதானாலும் இந்தச் சாய்வு குறையாது.

உங்கள் 600ஐத் தூக்கி எறிய வேண்டாம். "வசதி மாதிரி" (எளிதில் கிடைத்தவர்களைக் கொண்டது) என்று வெளிப்படையாக எழுதுங்கள். வயது, பாலினம், படிப்பு ஆகியவற்றில் உங்கள் 600 பேர் மொத்த மக்கள்தொகையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை கொடுங்கள். "இத்தனை சதவீத மக்கள்" என்று சொல்வதைத் தவிருங்கள். மாறிகளுக்கு இடையிலான தொடர்பை மட்டும் எச்சரிக்கையோடு பேசலாம்.

கேள்வி: வினாநிரலின் நம்பகத்தன்மை பார்த்தேன். க்ரோன்பாக் ஆல்ஃபா 0.48 வந்திருக்கிறது. தரவையெல்லாம் மறுபடி எடுக்க வேண்டுமா மேடம்?

ஒரே விஷயத்தை அளக்கும் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்தான் ஆல்ஃபா. மறுபடி எடுக்கும் முன் எதிர்மறைக் கூற்றுகளைப் பாருங்கள். "வகுப்புக்கு வரப் பிடிக்கிறது" என்பதோடு "வகுப்பு சலிப்பாக இருக்கிறது" என்றும் கேட்டிருந்தால், இரண்டாவதன் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். 5 புள்ளி அளவுகோலில் 6இலிருந்து கழித்தால் போதும். ஆல்ஃபா திடீரென்று தாழ்ந்து வருவதற்கு இதுதான் அடிக்கடி காணும் காரணம்.

அதைச் சரிசெய்தும் ஏறவில்லை என்றால், ஒவ்வொரு கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை, பாருங்கள். 0.3க்குக் கீழே இருப்பவற்றைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு கண்ணுக்கே தெரியும். "ஆசிரியர்கள் நன்றாகவும் அன்பாகவும் நடத்துகிறார்கள்" என்பது போல ஒரே கூற்றில் இரண்டு கேள்விகள் இருக்கும். நன்றாக நடத்தி அன்பில்லாத ஆசிரியருக்கு எந்த எண்ணைப் போடுவது?

0.7 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. ஆனால் கூற்றுகளின் எண்ணிக்கை கூடினாலே ஆல்ஃபா ஏறும் என்பதால், 40 கூற்றுகள் வைத்து 0.9 வாங்கியதில் பெருமைப்பட அதிகம் இல்லை. 20, 30 பேரிடம் முன்னோட்டம் நடத்தியிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

கேள்வி: p மதிப்பு 0.05க்குக் குறைவாக வந்துவிட்டது. கருதுகோள் உறுதியானது என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இந்த அளவோ இதற்கு மேலோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் p மதிப்பு சொல்கிறது. 1,000 பேர் மாதிரியில் ஒட்டுறவு 0.07 இருந்தாலே p மதிப்பு 0.05க்குக் கீழே போய்விடும். அந்த ஒட்டுறவு விளக்கும் மாறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. p மதிப்போடு விளைவின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: நேர்காணலில் எல்லாரும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். என்ன தவறு?

கேள்விப் பட்டியலைப் பார்க்காமலே சொல்லலாம்: அதில் "ஏன்" நிறைய இருக்கும், ஆய்வேட்டுச் சொற்களும் இருக்கும். "கல்விச் சூழல் உங்களை எவ்வாறு பாதித்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்று வரும். "கடைசியாக வகுப்புக்குப் போன நாளைச் சொல்லுங்கள், காலையிலிருந்து" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லச் சொன்னால் சொல்வார்கள். காரணம் கேட்டால் தங்களை நியாயப்படுத்தப் பார்ப்பார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு 8 முதல் 10 கேள்விகள் போதும். விடை முடிந்தது போல் தோன்றும்போது ஐந்து விநாடி சும்மா இருங்கள். மிக நல்ல தகவல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். முதல் இரண்டு நேர்காணல்களை உடனே கேட்டு எழுதிவிட்டு, பட்டியலைத் திருத்தி, அதன் பிறகே மூன்றாவதுக்குப் போங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு மொத்தமாக எழுத உட்கார்ந்தால் திருத்தும் வாய்ப்பு போய்விடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத 4 முதல் 6 மணி நேரம் ஆகும். பேச்சு வழக்கை அப்படியே எழுதினால் இன்னும் கூடும். காலக்கெடுவில் இதைக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: குறியீடு இடுவது என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. வரிகளுக்குப் பக்கத்தில் தலைப்பு எழுதுவதுதானா?

தலைப்பு எழுதினால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். உதாரணத்துக்கு ஒரு மாணவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "வீட்டில் இன்னும் சொல்லலை. காலையில் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன்." இதற்குப் பக்கத்தில் "குடும்பம்" என்று எழுதினால் அது தலைப்பு. அதே பெயரின் கீழ் ஐம்பது வரிகள் சேரும், எதுவும் புலப்படாது. "போவதுபோல் காட்டிக்கொள்ளுதல்" என்று எழுதினால் அது செயலைப் பிடிக்கும் குறியீடு. இன்னொருவர் பொய்யாக மதிப்பெண் சொன்னதும், வேறொருவர் கட்டணப் பணத்தை வாங்கிக்கொண்டதும் இதனோடு வந்து ஒட்டும். அங்கிருந்துதான் கருப்பொருள் உருவாகும்.

ஒவ்வொரு குறியீட்டுக்கும் பெயர், வரையறை, எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது, ஒரு மாதிரி வரி ஆகிய ஐந்தும் உள்ள குறியீட்டேடு வையுங்கள். இன்னொருவரையும் 10 முதல் 20 சதவீதப் பகுதிக்குக் குறியீடு இடச் சொல்லி, இருவரின் குறியீடுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோஹனின் கப்பா பார்க்கலாம். 0.61 முதல் 0.80 வரை கணிசமான உடன்பாடு என்பது பரவலான வழக்கு. ஆனால் பொருள்காண்பதே ஆய்வாளரின் பார்வையோடு பிணைந்தது என்று கருதும் அணுகுமுறைகளில் கப்பா பொருந்தாது. எந்த மரபில் நிற்கிறீர்கள் என்று முறையியல் அத்தியாயத்தில் எழுதிவிட்டால் இரண்டு பக்கக் கேள்விகளுக்கும் பதில் தயார். மென்பொருள் குறியிட்ட வரிகளைத் தேடி அடுக்கித் தரும். எந்தப் பெயர் பொருந்தும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: 10 பேரில் 7 பேர் சொன்னார்கள். "70% பேர்" என்று எழுதலாம்தானே?

கூடாது. அந்தப் பத்துப் பேர் மக்கள்தொகைக்குப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அதோடு எல்லாரிடமும் அதே கேள்வி அதே வடிவில் கேட்கப்படவும் இல்லை. மீதி மூவர் மறுத்தார்களா, பேச்சு அந்தப் பக்கம் போகவே இல்லையா என்பது தெரியாது. "பலர்", "ஒருவர் மட்டும்" என்று எழுதுங்கள். மாறாகச் சொன்ன அந்த ஒருவரைக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: இதிலேதான் எனக்குச் சந்தேகம். பத்துப் பேர் சொன்னதை வைத்து எதையும் பொதுமைப்படுத்த முடியாது என்றால், அந்த ஆய்வால் என்ன பயன்?

மக்கள்தொகைக்குப் பொதுமைப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு செயல்முறை எப்படி நடக்கிறது என்ற விளக்கத்தை வேறு சூழலுக்கு எடுத்துச் சென்று சோதிக்கலாம். ஆய்வுமுறை அறிஞர்களான லிங்கனும் கூபாவும் பண்புசார் ஆய்வை எடைபோட 1985இல் முன்வைத்த நான்கு அளவுகோல்களில் ஒன்று இந்த இடம்பெயர் தன்மை. வாசகர் தன் சூழலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு இடம், மனிதர், நிலைமை ஆகியவற்றை விரிவாக எழுதுவது உங்கள் பொறுப்பு. மூன்று வரியில் "ஆய்வுக் களம்" என்று முடித்துவிட்டு இதைக் கோர முடியாது.

கேள்வி: இரண்டையும் சேர்த்துச் செய்தேன். படிவத்தில் பெரும்பாலோர் "திருப்தி" என்றார்கள். நேர்காணலில் எல்லாரும் குறையாகவே சொன்னார்கள். எதை நம்புவது?

ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைப்பதுதான் இங்கே செய்யக்கூடாதது. 1934இல் சமூகவியலாளர் லாபியர் வெளியிட்ட ஆய்வை நினைவில் வையுங்கள். ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவில் பயணம் செய்து 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஒரே ஓர் இடத்தில்தான் இடம் மறுத்தார்கள். பிறகு கடிதத்தில் கேட்டபோது, பதில் தந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனர்களை ஏற்கமாட்டோம் என்றார்கள். படிவத்தில் வரும் விடையும் நேரில் நடப்பதும் வெவ்வேறு பொருட்கள்.

உங்கள் தரவில் வரிசையாகப் பாருங்கள். இரண்டிலும் அதே ஆட்களா? படிவத்தை வகுப்பில் ஆசிரியர் வாங்கினாரா? "திருப்தி" என்ற கேள்வி எதைப் பற்றியது: படிப்பா, கல்லூரியா, வசதிகளா? நேர்காணலுக்கு முன்வந்தவர்கள் குறை உள்ளவர்கள் மட்டும்தானா? அடுத்த முறை நேர்காணல் ஆட்களைப் படிவ மதிப்பெண்ணை வைத்தே தேர்ந்தெடுங்கள்: உயர்ந்த மதிப்பெண் தந்தவர்களில் சிலர், தாழ்ந்தவர்களில் சிலர், கணிப்புக்கு மாறாக விடை தந்தவர்களில் சிலர். அந்த மூன்றாவது குழுவிடம்தான் முரணுக்கான விளக்கம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும்தானே?

நேர்காணலில் மறையாது. "அந்தத் துறையின் ஒரே பெண் விரிவுரையாளர்" என்று எழுதினால் பெயர் தேவையே இல்லை. பதவி, வயது, இடம் ஆகியவற்றில் ஒன்றையாவது பொதுவாக்குங்கள். ஒலிப்பதிவையும் பெயர்ப் பட்டியலையும் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். அட்டவணையிலும் இதே ஆபத்து உண்டு: ஒரு கட்டத்தில் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்து வகையோடு சேர்த்துவிடுங்கள்.