மேசையில் பிறந்த சொல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த கதை

‘ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்பதற்கும் அங்கே புழங்கும் தனிச்சொற்களுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? புதிதாகச் சேர்ந்தவர் அந்தப் பேச்சை எப்படிக் கற்றுக்கொள்வது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்பு உண்டு; அதுவும் நிறுவனத்தின் லாப நட்டத்தைத் தொடும் அளவுக்கு உண்டு. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான மண்டபம் பக்கத்தில் நண்டுச் சதை பதப்படுத்தும் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நாட்டுப்படகுக்காரர்கள் வலையில் பிடித்து வரும் நீலக்கால் நண்டு கரையிலேயே அவிக்கப்பட்டு, ஐஸில் வைத்து ஆலைக்கு வரும். நீண்ட மேசைகளில் அமர்ந்திருக்கும் பெண்கள் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து, பெரிய கட்டி, சிறு துணுக்கு, கால் சதை எனத் தரம் பிரிப்பார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் அலுவலகத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. மேசையிலோ கட்டி, பொடி, கால் என்பதோடு முடிந்துவிடும். இந்தப் பெயர் வேறுபாட்டால் யாருக்கும் தொல்லை வந்ததில்லை, ஏனென்றால் இரு பக்கத்தாரும் ஒரே பொருளைக் கண்ணால் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டி வந்தபோதுதான் இடைவெளி தெரிந்தது.

ஓர் ஆடி மாதத்தில் சதையில் ஒருவித வாடை வருவதாக ஆய்வகம் தொடர்ந்து பெட்டிகளைத் தள்ளுபடி செய்தது. அறிக்கைப் படிவத்தில் ‘வாடைக் குறைபாடு’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் குறியிட்டு, மேசையில் வேலை மெதுவாக நடப்பதால் சதை கெடுகிறது என்று நானும் எழுதினேன். பெண்களுக்குக் கூலி பிடிக்கப்பட்டது. அவர்களோ முதல் நாளிலிருந்தே ‘இது புழுங்குன நண்டு’ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட அவர்களிடம் காரணம் இருந்தது. தண்டனையை எழுதிய என்னிடம் அந்தச் சொல்லே இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அந்தச் சொல்லை என்னிடம் கொண்டுவந்தவர் மேசையின் மூத்த அக்கா ஒருவர். அவருடைய தம்பிமார் தென்கடலில் வலை விடுபவர்கள். ஆய்வகத்தில் வேலை செய்த பெண்ணோ நாள்தோறும் அவரோடு ஒரே வேனில் வந்து போகிறவள். ‘தம்பி, இது அவிச்ச பிறகு கெட்டதில்ல. கச்சான் அடிக்குதுல்ல, தென்கடல் வள்ளமெல்லாம் கரை சேர நேரமாகுது. நண்டு கூடையிலேயே செத்துப் புழுங்கிருது. வடகடல் நண்டை எடுத்துப் பாருங்க, அந்த வாடை இருக்காது’ என்றார். கச்சான் என்பது அந்தப் பருவத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. தென்கடல் மன்னார் வளைகுடா, வடகடல் பாக் விரிகுடா. காற்று, கடல், படகு வந்து சேரும் நேரம், நண்டின் நிலை என நான்கு செய்திகளை அவர் இரண்டு மூன்று சொற்களில் அடக்கிவிட்டார். எங்கள் பதிவேட்டில் நண்டு கொடுத்தவரின் எண் இருந்தது. அது எந்தக் கடல் நண்டு என்பதற்கு இடமே இல்லை.

ஆய்வாளர்கள் இதை வேறு இடங்களில் கண்டிருக்கிறார்கள். 1973இல் மார்க் கிரனோவெட்டர், நெருங்கியவர்களைவிட அவ்வப்போது சந்திக்கும் பழக்கக்காரர்கள் வழியாகவே புதிய செய்தி வந்து சேர்கிறது என்று வாதிட்டார். நெருங்கியவர்கள் ஒரே செய்தியைத் தங்களுக்குள் சுற்றவிடுகிறார்கள் என்பது அதற்குக் காரணம். தொடர்பில்லாத இரு குழுக்களுக்கு நடுவில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை ரொனால்டு பர்ட் 1992இல் விரிவாக எழுதினார். ஆனால் அந்த அக்காவைப் புரிந்துகொள்ள எனக்கு அதிகம் உதவியது, 1998இல் ஜானீன் நஹாபியட்டும் சுமந்திர கோஷலும் சொன்னதுதான். நிறுவனத்துக்குள் இருக்கும் உறவுச் செல்வத்தில் யாருக்கு யாரைத் தெரியும் என்பது ஒரு பகுதி, நம்பிக்கை இன்னொரு பகுதி, பொதுவான மொழி மூன்றாவது பகுதி என்று அவர்கள் பிரித்தார்கள். எங்கள் ஆலையில் ஆய்வகப் பெண்ணுக்கும் மேசைப் பெண்களுக்கும் அறிமுகம் இருந்தது, ஓரளவு நம்பிக்கையும் இருந்தது. இல்லாமல் போனது மூன்றாவது.

மேசைப் பெண்களில் பெரும்பாலோர் ஒரே ஊர்க்காரர்கள், உறவினர்கள். நாள் முழுவதும் எதிரெதிரே அமர்ந்து ஒரே வேலையைச் செய்பவர்களுக்குள் சொல் விரைவாகக் குறுகும். குறுகக் குறுக, வெளியாளுக்கு அது எட்டாது. ஆய்வக மொழியும் அப்படித்தான். ஆகவே எல்லாரும் ஒரே மொழி பேச வேண்டும் என்று சுற்றறிக்கை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் அதிகாரத்தில் இருப்பவரின் சொல் நிற்கும், வேலை தெரிந்தவரின் சொல் மறையும்.

புதிதாகச் சேர்ந்தவர் எப்படிக் கற்பது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, சொற்பட்டியல் கேட்காதீர்கள் என்பதே என் பதில். நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு பழகி ஆராய்ந்த ஜூலியன் ஆர், அவர்களுடைய அறிவு கையேட்டில் இருந்ததைவிட, உண்ணும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகளில் இருந்ததைக் காட்டினார். எனவே மதிய உணவுக்கு யார் யாரோடு அமர்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு கூட்டத்திலும் அமரக்கூடியவர் ஒருவர் இருப்பார், அவருக்கு அருகில் இடம் தேடுங்கள். அவர் ஒரு சொல்லைச் சொன்னால் பொருள் கேட்காமல், அப்படி நடந்த நாளைப் பற்றிக் கேளுங்கள்.

பிறகு எங்கள் படிவத்தில் ‘வாடைக் குறைபாடு’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘புழுங்கல்’ என்று ஒரு கட்டமும், ‘தென்கடல் / வடகடல்’ என்று இன்னொன்றும் சேர்த்தோம். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை மேசையில் அந்த அக்காவின் பக்கத்தில் கழிப்பது வழக்கமானது. இரண்டு நண்டை உடைத்து மூக்கருகே நீட்டி, எது புழுங்கியது என்று அவரே கேட்பார்.